பாட்டரி மாற்றினேன்

ஒரு சட்டைப் பித்தான் அளவே உள்ள பாட்டரி ஒரு மனிதனை மூன்று இரவுகள் உறங்கவிடாமல் செய்யும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், சென்ற ஐப்பசித் திங்கள் வரையில் நானும் நகைத்திருப்பேன். இப்போது நகைப்பதில்லை. குறுக்களவு 11.6 மில்லிமீட்டர், கனம் 5.4 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 1.5 வோல்ட். எல்.ஆர்.44 என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அந்தச் சிறு வட்டு எனக்குக் கற்பித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் என் பெருமை ஏதும் இல்லை. என் அறியாமையும், அதைவிடப் பெரிதான ஒரு சிறுமையும் உண்டு. நம் சங்கத்து நண்பர்களுள் ஒருவரேனும் இதைப் படித்தபின், கால்குலேட்டரின் முதுகுப்புறத்துத் திருகாணியைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணம் நிற்பாரானால், எழுதியது வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.

என் அறைத்தோழன் பீகாரில் சம்பாரண் பகுதியைச் சேர்ந்தவன். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். கங்கைக் கரையிலுள்ள நம் பல்கலைக்கழகத்தில் அவன் நிலவியல் படிக்கிறான். நான் சிவில் என்ஜினீயரிங். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் போஜ்புரி தெரியாது. இந்தியும் ஆங்கிலமும் பாதிப்பாதியாகக் கலந்த ஒரு மொழியில் எங்கள் நட்பு வளர்ந்தது. தென்னாட்டார் யாரைக் கண்டாலும் ‘அண்ணா’ என்று அழைப்பது இப்பக்கத்து இளைஞர் பலரின் வழக்கம் அல்லவா? என்னைவிட ஐந்து திங்கள் மூத்தவனாகிய அவனும் என்னை ‘அண்ணா’ என்றே அழைப்பான். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அவனிடம் ஒரு பழைய கால்குலேட்டர் இருந்தது. அவன் தந்தையார் கண்டக் கால்வாய்ப் பணியில் ஓவர்சியராக இருந்தவர். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கரையில் நின்று மட்டம் பார்த்தவர். அவருடைய சட்டைப்பையில் பல ஆண்டுகள் இருந்த கருவி அது. மூடியின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. சமக்குறி விசையின்மேல் குறியே இல்லை. அவர் விரல் அதை அழித்துவிட்டது. அவன் இங்கே வந்து சேர்ந்த ஆண்டில் தந்தையார் காலமானார். காரியங்கள் முடிந்து அவன் விடுதிக்குத் திரும்பியபோது வீட்டார் கொடுத்தனுப்பிய பொருள்கள் இரண்டு. ஒன்று அவருடைய கம்பளி. மற்றொன்று இந்தக் கருவி.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகாரில் சட் பூசை. ஊரெல்லாம் நீர்நிலையில் இறங்கி, மறையும் கதிரவனையும் மறுநாள் உதிக்கும் கதிரவனையும் வணங்கும் பெருநாள் அது. எந்த ஊரில் இருந்தாலும் பீகாரிகள் அதற்கு வீடு திரும்பிவிடுவார்கள். நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி. நண்பனும் புறப்பட்டான். அந்த வாரந்தான் என் கால்குலேட்டர் விடுதிப் படிக்கட்டில் உருண்டு திரை உடைந்து போயிருந்தது. எனக்கோ நில அளவைப் பாடத்தில் இடைத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வு மண்டபத்தில் கைபேசிக்கு இடம் இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான்.

“இதை வைத்துக்கொள், அண்ணா. எல்லாக் கணக்கும் போட்டுக்கொள். எம்-ஐ மட்டும் தொடாதே” என்று சொல்லி, தந்தையார் கருவியை என் கையில் கொடுத்துவிட்டு இரயிலுக்கு ஓடினான்.

அந்தக் கருவியில் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளுக்கும், எம் என்னும் எழுத்துக்கும் ஒவ்வொரு நினைவறை உண்டு. ஓர் எண்ணை அதில் இட்டுவிட்டால், கருவியை அணைத்தாலும் எண் அங்கேயே இருக்கும். எம்-ஐத் தொடாதே என்றால் அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்பது பொருள். நம் பாட்டிமார் கதைகளில், ‘மூன்று திசையும் போ, வடதிசை மட்டும் போகாதே’ என்று அரசகுமாரனிடம் சொன்னால் அவன் எங்கே போவான் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். அன்றிரவே நான் வடதிசை போனேன். ஆர்.சி.எல். விசையையும் எம் விசையையும் அழுத்தினேன். பார்ப்பதனால் எண் கெடாது; புதிதாக ஒன்றை இட்டால்தான் கெடும். எழுபத்தொன்று என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு ஓர் எண் திரையில் நின்றது. ஏதோ ஓர் இடத்தின் மட்டம் போலும் என்று எண்ணினேன். அவ்வளவுதான். கருவியை மூடிவிட்டுப் பாடத்தில் ஆழ்ந்தேன்.

மறுநாள் மாலை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை மங்கியது. கறுப்பாகத் தெரிய வேண்டிய இலக்கங்கள் சாம்பல் நிறமாயின. 3 எது, 8 எது என்று விளக்கின் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாட்டரி தீர்கிறது என்று அறிந்தேன். நண்பன் கொடுத்த பொருளை நல்ல நிலையில் திருப்பித் தருவதுதானே பண்பு? புதுப் பாட்டரி போட்டுக் கொடுத்தால் மகிழ்வான் என்று எண்ணினேன். எண்ணியது தவறன்று; கேளாமல் செய்ததுதான் தவறு. கைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் பெருநாளில் இருப்பவனைச் சிறு காரியத்துக்குத் தொல்லை செய்வானேன் என்று இருந்துவிட்டேன்.

பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே உள்ள கடைத்தெருவின் பெயர் லங்கா. இராமேசுவரத்தைத் தாண்டாமலே நாள்தோறும் இலங்கைக்குப் போய்வருகிறோம் என்று நாம் நகையாடுவது உண்டு. அனுமன் இலங்கைக்குப் போய் அந்த ஊரை எரித்தான். நான் லங்காவுக்குப் போய்வந்து என் சொந்த அறையிலேயே தீ வைத்தேன். மூக்குக்கண்ணாடிக்குரிய சிறு திருப்புளியால் திருகாணியைக் கழற்றினேன். பழைய வட்டை நெம்பி எடுத்தேன். புதிய வட்டைத் துணியால் துடைத்துக் கையில் எடுக்கும் வேளையில் அம்மா கைபேசியில் அழைத்தார்கள். சாப்பிட்டாயா, குளிர் தொடங்கிவிட்டதா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று பத்து நிமிடம் பேச்சு. பேசி முடித்து, பாட்டரியை இட்டு, திருகாணியை முடுக்கி, கருவியை இயக்கினேன். இலக்கங்கள் மைபோல் கறுத்துத் தெரிந்தன. பெருமிதத்தோடு ஆர்.சி.எல்., எம் அழுத்தினேன்.

சுழி. எழுபத்தொன்று இல்லை, புள்ளி இல்லை, இலக்கங்கள் இல்லை. ஒரே ஒரு சுழி.

எம்-ஐத் தொடாதே என்றான். நானும் தொடவில்லை. ஆனால் எம் நின்ற தரையையே பெயர்த்துவிட்டேன்.

இதன்பின் செய்ததுதான் என் சிறுமை. எண்ணை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன் அல்லவா? நினைவைத் துழாவினேன். எழுபத்தொன்று உறுதி. அடுத்து நான்கு உறுதி. பிறகு ஆறும் ஐந்துமா, ஐந்தும் ஆறுமா? ஆறும் ஐந்தும் என்றே தோன்றியது. 71.465 என்று இட்டு எம்-இல் வைத்தேன். மீண்டும் வரவழைத்துப் பார்த்தேன். நேற்று இரவு பார்த்ததுபோலவே இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? கருவி காட்டிக்கொடுக்காது, பழைய பாட்டரி பேசாது. விளக்கை அணைத்துப் படுத்தேன். உறக்கம் மட்டும் வரவில்லை. ஒருவன் பெட்டியில் வைத்திருந்த கடிதத்தைத் தவறி எரித்துவிட்டு, அதே கையெழுத்தில் வேறொன்று எழுதி வைத்தவன்போல் இருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை நம் சங்கத்துத் திருச்சி அண்ணனிடம் போனேன். மின்னணுவியல் ஆராய்ச்சி மாணவராகிய அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். பழுதான மின்விசிறி முதல் பழுதான மனம் வரை எல்லாவற்றையும் அவரிடந்தான் கொண்டுபோகிறோம். முழுதும் கேட்டுவிட்டு, முதலில் கருவியைப் பற்றியே பேசினார்.

“நினைவறை என்றால் பெட்டகம் என்று எண்ணாதே. பெட்டகத்தில் போட்டது போட்டபடி கிடக்கும். இது அப்படியன்று. ஒவ்வொரு சிறு நினைவும் இரண்டு காவற்காரர் போன்றது. ஒருவன் நின்றால் மற்றவன் உட்கார வேண்டும். ‘நான் நிற்கிறேன், நீ உட்கார்’ என்று ஒருவனும், ‘நீ நில், நான் உட்கார்ந்திருக்கிறேன்’ என்று மற்றவனும் இடைவிடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். யார் நிற்கிறான் என்பதுதான் அங்கே எழுதப்பட்ட செய்தி. பெரும்பாலும் ஆறு டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து இந்தக் காவல் காக்கின்றன. இவர்களுக்கு வேண்டிய உணவு மிகமிகக் குறைவு. ஆனால் உணவே இல்லையென்றால் இருவரும் சாய்ந்துவிடுவார்கள். பிறகு உணவு கொடுத்தால் எழுவார்கள். முன்னே நின்றவன் யார் என்பதை மறந்து எழுவார்கள். கருவியும் எல்லா அறைகளையும் சுழியாக்கிப் புதிதாகத் தொடங்கும்.”

“அப்படியானால் பாட்டரி மாற்றும்போதெல்லாம் எல்லாக் கருவியிலும் நினைவு அழியுமா?” என்று வினவினேன்.

“எல்லாவற்றிலும் இல்லை” என்றவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சில கருவிகளில் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. அது ஒரு சிறு பானை. அதில் சிறிது மின்னூட்டம் தேங்கியிருக்கும். பானை 100 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். அழுத்தம் 1 வோல்ட் இறங்கும்வரை காவற்காரர் தாங்குவார் என்று கொள்வோம். அவர்கள் குடிப்பது 1 மைக்ரோ ஆம்பியர் என்றால், பானை 100 விநாடி தாங்கும். பாட்டரி மாற்ற அது போதும். ஆனால் அந்த நேரத்தில் யாரேனும் விசையை அழுத்திக் கருவியை எழுப்பிவிட்டால், குடிப்பு 1 மில்லி ஆம்பியராக உயரலாம். அப்போது அதே பானை பத்தில் ஒரு விநாடியில் வற்றிவிடும். ஹியூலெட்-பாக்கார்டின் புகழ்பெற்ற 12சி கருவி 1981-இல் வந்தது. பாட்டரி வெளியே இருக்கும்போது எந்த விசையையும் அழுத்தாதீர்கள் என்று அதன் கைநூல் எச்சரிப்பது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்நிறுவனத்தின் 48 வரிசைக் கருவிகளில், பழைய பாட்டரிகளை எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் புதியவற்றை இட்டுவிட வேண்டும் என்று கைநூல் கூறுகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் 84 பிளஸ் கருவியில் வேறு ஏற்பாடு. நான்கு ஏ.ஏ.ஏ. பாட்டரிகள் வேலைக்கு, தனியே ஒரு பித்தான் பாட்டரி நினைவைக் காப்பதற்கு மட்டும். முதல் நான்கை மாற்றும்போது ஐந்தாவது காவல் காக்கும். இரண்டு வகையையும் ஒரே வேளையில் எடுத்தால் காப்பார் இல்லை.

“உன் நண்பன் கருவியில் பானையும் இல்லை, இரண்டாம் பாட்டரியும் இல்லை. நாம் அன்றாடம் தேர்வுக்குக் கொண்டுபோகும் எளிய கருவிகள் பலவும் இப்படித்தான். பாட்டரியை எடுத்தால் நினைவெல்லாம் அழியும் என்று கைநூலிலேயே அச்சிட்டிருப்பார்கள். நாம்தான் கைநூலைப் படிக்காமல் அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடுகிறோமே! பானை இருந்திருந்தாலும் உன் அம்மாவின் பத்து நிமிடப் பேச்சுக்கு அது தாங்கியிருக்காது” என்று சிரித்தார் அண்ணன்.

கால்குலேட்டருக்கு நினைவு நிலைத்து நின்றதே பிற்காலத்துச் செய்தி என்றும் அவர் சொன்னார். ஹியூலெட்-பாக்கார்டு 1972-இல் வெளியிட்ட 35 என்னும் கருவி, சட்டைப்பையில் அடங்கிய முதல் விஞ்ஞானக் கால்குலேட்டர். பொறியியலார் சறுக்குக்கோலைக் கீழே வைக்கச் செய்தது அதுதான். ஆயினும் அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். 1974-இல் வந்த 65 என்னும் கருவியில், போட்ட திட்டங்களைச் சிறு காந்த அட்டையில் எழுதி வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். மறக்கும் மாணவனுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தது போல. 1975-இல் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் வானில் இணைந்தபோது அமெரிக்கர் கொண்டுபோனது அக்கருவியைத்தான். 1976-இல் 25சி வந்தது. அதன் சி என்னும் எழுத்து, தொடர்ந்து நிற்கும் நினைவைக் குறித்தது. அணைத்தாலும் மறவாத கருவி என்று அன்று வியந்தார்கள். அணைத்தால் மறவாது; உண்மை. ஆனால் அணைப்பது வேறு, பாட்டரியை எடுப்பது வேறு. அணைத்த கருவி உறங்குகிறது. உறங்கும்போதும் மூச்சு உண்டு. பாட்டரியை எடுத்தால் மூச்சே இல்லை. ஃபிளாஷ் என்னும் நினைவகம் பிற்காலத்தில் பரவியது. மின்சாரம் இன்றியே எழுதியதைக் காப்பது அது. நம் கைபேசியில் பாட்டரி முழுதும் தீர்ந்தாலும் படங்கள் அழியாமல் இருப்பது அதனால்தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், பழைய கருவியும் அப்படியே காக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

எழுந்து புறப்படும்போது அண்ணன் என் தோளில் கை வைத்தார். “கருவி ஏன் மறந்தது என்று சொல்லிவிட்டேன். நீ இட்ட எண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இல்லை. அது உனக்கே தெரியும்” என்றார்.

தேர்வு எழுதினேன். கணக்குகள் சரியாகவே வந்தன. அதற்கு மறுநாள் காலை நண்பன் வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல், கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த டெகுவாவை என் கையில் வைத்தான். “அம்மா உனக்கென்று தனியே கட்டிக் கொடுத்தாள்” என்றான். அந்த இனிப்பை வாயில் இட என்னால் முடியவில்லை. அவன் மேசைமேல் இருந்த கருவியை எடுத்தான். விரல் ஆர்.சி.எல். விசையை நோக்கிப் போயிற்று. அதற்குமுன் சொல்லிவிட்டேன். பாட்டரி மாற்றியதைச் சொன்னேன், சுழியைச் சொன்னேன், பொய் எண்ணை இட்டு வைத்ததையும் சொன்னேன். கடைசியைச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் விசையை அழுத்திப் பார்த்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அண்ணா. ஐந்து முதலில், பிறகு ஆறு” என்று மெல்லச் சொன்னான். கருவியை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். இரவு உணவு மணி அடித்த பிறகுதான் அறைக்குத் திரும்பினான். என்னோடு பேசவில்லை. சினந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சினக்கவும் இல்லை.

பொழுது விடிந்ததும் அவனே பேசினான். “பாட்டரி மங்குவது கோடையிலிருந்தே எனக்குத் தெரியும். மாற்றினால் எம் போய்விடும் என்றும் தெரியும். அதனால்தான் மாற்றவில்லை. மாற்றாமல் இருந்தாலும் ஒரு நாள் போகத்தான் போகிறது; அதுவும் தெரியும். எண் எனக்கு மனப்பாடம், அது தொலையவில்லை. ஆனால் அப்பா தம் விரலால் அழுத்தி வைத்தது அப்படியே இருக்கும்வரை, அவர் ஏதோ ஒரு கணக்கின் நடுவில் எழுந்து போயிருக்கிறார், வந்து முடிப்பார் என்பதுபோல் எனக்கு ஒரு நினைப்பு. அவ்வளவுதான்.”

பிறகு 71.456 என்று ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி, எம்-இல் இட்டான். “இது அப்பா வைத்தது இல்லை, இனி இது நான் வைத்தது” என்றான்.

அது என்ன எண் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். தந்தையாரின் களக்குறிப்பேடுகளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்களாம். நான் அறிந்ததை அவனுக்குச் சொன்னேன். கால்வாய்ப் பணியில் இருந்தவர் மூன்று தசம இலக்கத்தோடு ஓர் எண்ணை வைத்திருந்தால், அது பெரும்பாலும் மட்டம்: கடல் மட்டத்துக்கு மேல் 71 மீட்டர், 45 சென்டிமீட்டர், 6 மில்லிமீட்டர். ஒரு மதகின் படியாக இருக்கலாம். ஒரு பாலத்தின் திண்ணையாக இருக்கலாம். அங்கிருந்து தொடங்கித்தான் அவர் மற்ற இடங்களின் மட்டத்தைக் கணக்கிட்டிருப்பார். சமவெளிக் கால்வாயில் சரிவு மிகக் குறைவு. பத்தாயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நான் பிழையாக இட்ட 9 மில்லிமீட்டர் வேறுபாடு, 90 மீட்டர் தூரம் ஓடிய நீரின் இறக்கத்துக்குச் சமம். இரண்டு இலக்கம் இடம் மாறியதில் அவன் தந்தையாரின் தண்ணீரை 90 மீட்டர் நகர்த்திவிட்டேன் என்று சொன்னபோது, அவன் முதன்முறையாகச் சிரித்தான். அதன் பிறகுதான் டெகுவா என் தொண்டையில் இறங்கியது.

நண்பர்களே! அன்றுமுதல் நினைவு என்னும் சொல்லைக் கேட்டாலே அதற்கு உணவு கொடுப்பவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. 1802-இல் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவையின் வழிவந்த மட்டக்கற்கள் இந்நாடெங்கும் உள்ளன. கல்லில் வெட்டிய குறிக்கு யாரும் உணவிட வேண்டுவதில்லை; பெயர்த்து எறியாமல் இருந்தால் போதும். ஓலைக்கு அப்படி இல்லை. சில நூற்றாண்டுகளில் அது செல்லரிக்கும், ஒடியும். செல்லரிக்கும் முன்னே யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் படி எடுத்ததனால்தான், 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் அச்சில் ஏற்ற முடிந்தது. படி எடுத்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. படி எடுக்காமல் போன நூல்களின் பெயர்கூடச் சில வேளை தெரியாது. கல் நம்மைக் கேட்பதில்லை. ஓலை சில தலைமுறைக்கு ஒருமுறை கேட்கிறது. நம் சட்டைப்பையிலுள்ள கருவியோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறது. நினைவு எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறதோ, அவ்வளவு அடிக்கடி அதற்கு நம் கை வேண்டியிருக்கிறது.

ஆதலின், தேர்வுக் காலம் நெருங்கும் இந்நாளில் ஒரு சில சொல்வேன். திரை மங்கினாலோ, இயக்கிய உடனே இலக்கம் தோன்றாவிட்டாலோ, பாட்டரி தீர்கிறது என்று கொள்ளுங்கள். ஒளியாலும் இயங்கும் கருவியாயின், பகலில் நன்றாகத் தெரிந்து இரவில் மங்குவதே அதற்கு அடையாளம். திறக்குமுன், ஒவ்வொரு நினைவறையிலும் உள்ளதைத் தாளில் எழுதுங்கள். எழுதியதை மீண்டும் ஒருமுறை திரையோடு ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு இலக்கங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். புதிய பாட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு, கருவியை அணைத்துவிட்டுத் திறவுங்கள். பாட்டரி வெளியே இருக்கும்போது விசைகளைத் தொடாதீர்கள். இரண்டு வகைப் பாட்டரி உள்ள கருவியில் ஒரு வகையை இட்டு முடித்த பின்பே மற்றதை எடுங்கள். அம்மாவின் அழைப்பு வந்தால், பிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கருவி பொறுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் பிறருடையதாயின், நல்லது செய்வதற்கு முன்னும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது அந்தக் கருவியின் மூடிக்கு உள்ளே ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் எண்ணும், பாட்டரி மாற்றிய தேதியும் நண்பன் கையெழுத்தில் உள்ளன. அடுத்த பாட்டரி மாற்றும் காலத்தில் நாங்கள் இருவரும் இந்த விடுதியில் இருக்கமாட்டோம். அவன் எந்த மலையில் கல் உடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பானோ, நான் எந்தக் கால்வாய்க் கரையில் நிற்பேனோ! ஆயினும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பாட்டரியை எடுப்பதற்கு முன் அவன் என்னைக் கூப்பிடுவான். தாள் கிழிந்திருக்கலாம், அவனுக்கும் ஒரு வேளை ஐயம் வரலாம். நான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

எழுபத்தொன்று புள்ளி நான்கு ஐந்து ஆறு. ஐந்து முதலில், பிறகு ஆறு. நான் மறந்தால், இதைப் படித்த நீங்கள் சொல்லுங்கள்.